பானகம் குடித்த மாலுமிகள்

“என் மக கதை முடியிறதுக்கு முன்னாடியே எழுந்து போயிடுறா, டீச்சர்” என்றார் கலியபெருமாள்.

பிலோமினா கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தக் கதை?”

“எந்தக் கதையா இருந்தாலும்.”

“யார் எழுதினது?”

“எல்லாம் நான் எழுதினதுதான்.”

“அப்ப வெவரமான பொண்ணு” என்றார் பிலோமினா.

கலியபெருமாள் ஐம்பதைத் தாண்டியவர். குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவர். கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் சொன்ன பழைய கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தகுந்தபடி மாற்றித் தருவது அவர் தொழில்.

பிலோமினா அவரைவிட வயதில் சின்னவர். சாமியாருக்குப் படிக்கிற பையன்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது செஞ்சிப் பக்கம் ஒரு பாறைக்குன்றின் அடியில் தனியாக இருக்கிறார். கோபக்காரர். பையன்கள் கும்பிட்டு வழியனுப்பி வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கலியபெருமாள் பஸ் பிடித்து அவரிடம் பாடம் கேட்க வருவார். சின்னவரிடம் படிக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு இல்லை. திட்டு வாங்குகிறோமே என்ற கூச்சம் மட்டும் உண்டு.

மனைவி அஞ்சலாட்சி போன தையில் இறந்துபோனார். மகள் நித்திலாவுக்கு எட்டு வயது. அம்மா இறப்பதற்கு முன் கதை இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத பிள்ளை. இப்போது கதை பாதியைத் தாண்டினால் உஷாராகிவிடுகிறாள். முடிவு வரப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய்க் குழாயடியில் நின்றுகொள்கிறாள். வகுப்பிலும் இப்படித்தான் என்று பள்ளியில் சொன்னார்கள். பேச்சும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

கலியபெருமாளுக்குப் பயமாக இருந்தது. அவள் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரே ஒரு கதை எழுதிவிட்டால் போதும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

“எனக்கு ஒரு கதை குடுங்க, டீச்சர்.”

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பழைய லத்தீன் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

“கிரேக்க மாலுமிங்க சொன்ன கதை. அப்புறம் ரோமாபுரியில பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இதைப் பாத்து எழுதிப் பழகியிருக்காங்க. ஒரு மாலுமியோட தம்பி செத்துப்போயிடுறான். அவனைத் தேடிக்கிட்டு இவன் பாதாளத்துக்குப் போறான். இதை அப்படியே தமிழ்ல எழுதிட்டு வாங்க.”

“அப்படியேவா?”

“இப்பதான சொன்னேன்.”

அடுத்த ஞாயிறு எழுதிக்கொண்டு வந்தார். பிலோமினா கிணற்றடியில் உட்கார்ந்து படித்தார். இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“மாலுமிங்க என்ன குடிக்கிறாங்க?”

“பானகம்.”

“பானகமா!”

“திராட்சை மதுன்னு போட்டா பள்ளிக்கூடத்துக்கு எடுக்க மாட்டாங்க, டீச்சர்.”

“நடுக்கடல்ல கப்பல் உடையிது. ஆளுங்க அலறுறாங்க. பானகம் குடிச்சிட்டா?”

“ஏலக்காய் போட்டதுன்னு எழுதியிருக்கேன்.”

பிலோமினா கண்ணை மூடித் திறந்தார்.

“சரி. கடல் தெய்வத்துக்குக் காளையைப் பலி குடுப்பாங்களே, அந்த இடம் எங்க?”

“அடுத்த பக்கம்.”

புரட்டினார். அடுத்த பக்கத்தில் மாலுமிகள் எல்லோரும் கப்பல் முனையில் நின்று பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“குங்குமம் தடவினாங்களா?”

“அது எழுதலை.”

“அதை மட்டும் ஏன் விட்டீங்க?”

தாள்களைக் கத்தரிப் பாத்தியில் போட்டு, மேலே ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினார். கலியபெருமாள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மறுபடி எழுதினார். இந்த முறை மது இருந்தது. காளையும் இருந்தது. புயல் நன்றாகவே அடித்தது. பிலோமினா ஒன்றும் சொல்லாமல் படித்துக்கொண்டே போனார். கலியபெருமாளுக்கு நம்பிக்கை பிறந்தது.

“பாதாளத்து ராஜா மாலுமிகிட்ட என்ன சொல்றான்?” என்று கேட்டார் பிலோமினா.

“‘உன் தம்பிக்கு உன்னை அடையாளம் தெரிஞ்சா கூட்டிட்டுப் போ’ங்கிறான்.”

“தெரிஞ்சுதா?”

கலியபெருமாள் கத்தரிச் செடியைப் பார்த்தார்.

“உங்க கதையில தெரியிது. கட்டிப்பிடிச்சு அழுறாங்க. ஊருக்கு வந்து பந்தி போட்டுச் சாப்பிடுறாங்க. நான் குடுத்த கதையில இப்படியா இருக்கு?”

“பிள்ளைங்களுக்குத்தானே, டீச்சர்...”

“அதுதான் உங்க எல்லாரோட பாட்டு!” பிலோமினாவின் குரல் குன்றில் மோதித் திரும்பியது. “பிள்ளைங்களுக்குன்னு அங்க யாரும் தனியா சமைக்கலைங்க. பெரியவங்களுக்குச் சொன்னாங்க, பிள்ளைங்களும் பக்கத்துல உக்காந்து கேட்டுச்சுங்க. பேசுற மிருகம், கடல் தாண்டிப் போறவன், குகைக்குள்ள ராட்சசன், பாதாளத்துக்குப் போயிட்டு வர்றவன். இன்னைக்குப் பிள்ளைங்க புத்தகத்துல பாதி அங்கேருந்து வந்த சரக்கு. வாங்கிட்டு வந்து உப்பு, புளி, காரம் எல்லாத்தையும் கழுவி ஊத்திட்டு, பிள்ளை சாப்பிடலைன்னு என்கிட்ட வந்து நிக்கிறீங்க!”

கலியபெருமாளுக்கும் ரோஷம் வந்தது.

“அந்தக் கிரேக்கத்துலயே ஒரு பெரிய அறிஞர் சொல்லலையா? இந்த மாதிரிக் கதையெல்லாம் பிள்ளைங்க காதுல விழக்கூடாதுன்னு? நீங்கதான் பாடம் எடுத்தீங்க.”

“சொன்னார். பிள்ளைங்க கேட்டுச்சுங்களா?”

வாளியைப் பார்த்ததும் கலியபெருமாளே தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை தம்பிக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளபடியே எழுதியிருந்தார். பிலோமினா தலையை ஆட்டியபடி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

அங்கே மாலுமி கண் விழித்தான். எல்லாம் கனவு. தம்பி பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பிலோமினா கத்தவில்லை. அதுதான் கலியபெருமாளைப் பயமுறுத்தியது.

“ஏங்க” என்றார், மிகவும் களைத்த குரலில். “ஒரே ஒரு வரி. ‘அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.’ இதை எழுதிட்டு அடுத்த வரிக்குப் போக உங்களால ஏன் முடியலை? ஒரு காளையை வெட்டிட்டீங்க. ஒரு கப்பலையே மூழ்கடிச்சிட்டீங்க. இதுல என்ன கஷ்டம்?”

கலியபெருமாள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசியில அஞ்சலாட்சிக்கு யாரையும் தெரியலை, டீச்சர். மூளைக் காய்ச்சல். என்னைத் தெரியலை. நித்திலாவையும் தெரியலை. பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஏறி உக்காந்து அம்மாகிட்ட என்னென்னமோ பேசிட்டிருந்தா. என்னால பாக்க முடியலை. அம்மா தூங்குறாங்க, வான்னு சொல்லி வெளிய தூக்கிட்டு வந்துட்டேன்.”

“கண்ணு மூடியிருந்துதா?”

“யாருக்கு?”

“உங்க வீட்டம்மாவுக்கு.”

“இல்ல. திறந்துதான் இருந்துது.”

“பிள்ளை அதைப் பாத்துச்சா?”

கலியபெருமாள் ஆமென்று தலையை அசைத்தார்.

பிலோமினாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் அடங்கவில்லை. அவருக்குக் கோபத்தைத்தான் காட்டத் தெரியும்.

“வர்ற ஞாயிறு பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. கதை எழுதிட்டு வராதீங்க” என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

நித்திலா வந்தாள். துணி துவைக்கிற கல்லில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். பெயரைக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பிலோமினா ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கலியபெருமாளிடம் நீட்டினார்.

“வாயில வச்சுக்குங்க. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.”

“எதுக்கு டீச்சர்?”

“உங்களால சும்மா இருக்க முடியாது. நடுவுல பூந்து பூசணிக்காய் உடைப்பீங்க.”

கலியபெருமாள் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன. நித்திலா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் வந்தாள்.

பிலோமினா கதையை ஆரம்பித்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. மாலுமிகள் மது குடித்தார்கள். காளையை வெட்டினார்கள், கடல் சிவந்தது. அப்படியும் கடல் தெய்வம் மனம் இரங்கவில்லை. கப்பல் உடைந்து தம்பி செத்துப்போனான். அண்ணன் கரையோரமாகவே நடந்து, பாதாளத்துக்குப் போகிற ஆற்றைக் கண்டுபிடித்து, படகுக்காரனைக் கெஞ்சி, அக்கரைக்குப் போய், ராஜாவின் முன்னால் நின்றான்.

“‘உன்னை அவனுக்கு அடையாளம் தெரிஞ்சா கூட்டிட்டுப் போ’ன்னு ராஜா சொன்னான்.”

நித்திலா எழுந்துவிட்டாள்.

கலியபெருமாள் கையை ஆட்டினார். தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. பிலோமினா அவரைப் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கியது.

நித்திலா வேலிப்படல் வரைக்கும் போய்விட்டாள்.

பிலோமினா குரலை உயர்த்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. “தம்பி வந்தான். அண்ணனைப் பாத்தான். அவனுக்கு அடையாளம் தெரியலை.”

நித்திலா நின்றாள்.

“தெரியலையா?”

“தெரியலை.”

“நல்லா பாத்தானா?”

“நல்லா பாத்தான். கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுதான் பாத்தான்.”

நித்திலா திரும்பி வந்தாள். கல்லில் உட்காரவில்லை. பிலோமினாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணன் அழுதானா?”

“அழுதான். அழுது முடிச்சிட்டு, தம்பிகிட்ட கதை சொன்னான். ரெண்டு பேரும் சின்ன வயசுல அத்திப்பழம் திருடி மாட்டிக்கிட்ட கதை. ஆட்டுக்குட்டியைப் படகுல ஏத்தி, அது தண்ணியில குதிச்ச கதை. தம்பி உக்காந்து கேட்டான். ஆட்டுக்குட்டி வந்தப்ப சிரிச்சான்.”

“அப்ப தெரிஞ்சுடுச்சா?”

“இல்லை. யாரோ ரெண்டு பசங்க கதைன்னு நினைச்சான்.”

“ஆனா பிடிச்சிருந்துச்சு.”

“பிடிச்சிருந்துச்சு.”

“அப்புறம்?”

“படகுக்காரன் கூப்பிட்டான். அண்ணன் தனியா படகுல ஏறினான். முடிஞ்சுது.”

நித்திலா நெடுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். குன்றின் மேலே ஆட்டுக்காரன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. பிலோமினாவுக்கு அவனைப் போய் நாலு சாத்தலாம் போல இருந்தது.

பிறகு அந்தப் பிள்ளை அப்பா பக்கம் திரும்பினாள்.

“அப்பா. ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு என்னைத் தெரியலைதானே?”

கலியபெருமாள் பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா வாளியை எடுத்துக்கொண்டு கத்தரிச் செடிகளுக்குப் போய்விட்டார்.

கலியபெருமாள் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினார். அதற்கு வெகு நேரம் ஆயிற்று.

“தெரியலைம்மா.”

“நான் பேசிட்டே இருந்தேனே. அது பிடிச்சிருந்துச்சா?”

இந்த ஒரு வருஷமாக, இதைவிடக் கொடுமையான வார்த்தை உலகத்தில் இல்லை என்று நினைத்து அவர் ஒளித்து வைத்திருந்தது ஒன்று இருந்தது. தான் செத்தாலும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று வைத்திருந்தார். இப்போது அதைச் சொன்னார்.

“உன்னை நான் தூக்கினப்ப அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘யாரு பெத்த புள்ளைங்க இது, எவ்ளோ அழகா பேசுது, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்களேன்’னாங்க.”