சைபருக்கு வராத முள்

ஓர் ஊரில் ஒரு வெங்காய மண்டி இருந்தது. அந்த மண்டியில் ஒரு தராசு வேலை பார்த்தது. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும். கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒற்றை முள், கீழே ஒரு கொக்கி. கொக்கியில் மூட்டையை மாட்டினால் முள் ஓடிப் போய் எடையைச் சொல்லும். பொய் சொல்லத் தெரியாத பிறவி.

மண்டிக்குச் சொந்தக்காரர் தங்கப்பழம் அண்ணாச்சி. தலையில் மூட்டை சுமந்து ஆளானவர். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இதை நமக்கு யாரும் சொல்ல வேண்டாம், அவரே தினம் நாலு தடவை சொல்லிவிடுவார்.

அங்கே லீவு வேண்டுமென்றால் சுவரில் தொங்கும் நாள்காட்டியிடம் கேட்க வேண்டும். ஒன்று, கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது உடைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது செத்திருக்க வேண்டும். தள்ளுவண்டி இந்த வித்தையில் கைதேர்ந்தது. அதன் பெரியம்மா அந்த வருடத்தில் மட்டும் மூன்று தடவை செத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலையில் தராசு மெதுவாக வாயைத் திறந்தது.

“எனக்கு மூணு நாள் லீவு வேணும்.”

“காரணம்?” என்றது நாள்காட்டி.

“ஒரு வாரமா மூட்டையை இறக்கினாலும் இறக்கின மாதிரி இல்ல. கொக்கி காலியாத்தான் கிடக்கு. முள்ளு மட்டும் நாலு கிலோவுல நடுங்கிக்கிட்டு நிக்குது. உள்ள என்னமோ பாரமா இருக்கு.”

“சங்கிலி அறுந்துச்சா?”

“இல்ல.”

“கண்ணாடி உடைஞ்சுதா?”

“இல்ல.”

“வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?”

“எனக்கு யாரு இருக்கா?”

நாள்காட்டி தன் தாளைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்தது. “மேஷத்துக்குப் பெருமை, ரிஷபத்துக்கு அலைச்சல், மிதுனத்துக்கு வரவு. உள்ள பாரம்னு எந்த ராசிக்கும் போடலையே. நான் என்னன்னு எழுத?”

தள்ளுவண்டி பக்கத்தில் உருண்டு வந்து கிசுகிசுத்தது. “அட கூறுகெட்டதே! உண்மையைச் சொல்லி எவனாவது லீவு வாங்குவானா? சங்கிலி அறுந்துபோச்சுன்னு சொல்லு. இல்லேன்னா என் பெரியம்மாவை இரவலா எடுத்துக்கோ. அவளுக்குப் பழக்கம்தான்.”

“எனக்குப் பொய் வராதே.”

“அப்ப தொங்கு,” என்று வண்டி உருண்டு போய்விட்டது.

விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தராசுக்கு முன்னால் நின்றார்.

“ஏலே, தொங்குறது ஒரு வேலையா? அதுக்கு லீவு வேறயா? உன் வயசுல நான் ஒரு நாளைக்கு எண்பது மூட்டை தூக்கினவன். எனக்கு உள்ள பாரம் வந்துச்சா? எல்லாப் பாரமும் வெளியதான் இருந்துச்சு! நல்லாக் கேட்டுக்கோ. சனிக்கிழமை தராசுக்கு முத்திரை போடுற ஆபீசர் வாராரு. அன்னைக்கு முள்ளு சைபர்ல நிக்கலேன்னா, கழட்டிப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன்.”

பழைய இரும்பு என்ற சொல்லைக் கேட்டதும் முள் நாலிலிருந்து நாலரைக்குப் போனது.

அண்ணாச்சி வாய்தான் அப்படி. மனசு கேட்கவில்லை. கண் பட்டிருக்கும் என்று எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்து வாங்கி வந்து கொக்கியில் மாட்டினார். மத்தியானம் அவர் சம்சாரம் பேச்சிக்கனி வந்து பார்த்தாள். “பாவம், வாடிப் போயிருக்கு. நாம மதிக்கிறோம்னு அதுக்குத் தெரிய வேண்டாமா?” என்று கையகல ரோஜா மாலை ஒன்றைக் கொக்கியில் போட்டாள். முள் ஐந்தைத் தொட்டது. அதைப் பார்த்த அண்ணாச்சி, ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய தேக்குப் பலகை ஒன்றைச் சங்கிலி போட்டு அதே கொக்கியில் தொங்கவிட்டார்.

“இப்ப எப்படிலே இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டார்.

“ஏழு கிலோ, அண்ணாச்சி.”

“நன்றி கெட்ட இரும்பு!”

வியாழக்கிழமை காலை மாடத்தி என்ற சம்சாரிப் பெண் தன் நிலத்தில் விளைந்த வெங்காயத்தைக் கொண்டுவந்தாள். முதல் மூட்டையை மாட்டியதும் முள் நாற்பத்தேழில் போய் நின்றது. மாடத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“என்ன அண்ணாச்சி, மாட்டுவண்டியில வரும்போதே என் வெங்காயம் வளர்ந்துருச்சா? நான் வீட்டுலயே நிறுத்துத்தான் கட்டினேன். நாப்பதுக்கு ஒரு பொட்டு கூட இல்ல.”

“உனக்கு லாபம்தானே, பேசாம இரேன்!” என்று பல்லைக் கடித்தார் அண்ணாச்சி.

“இன்னைக்கு எனக்குக் கூட்டிச் சொல்லும், நாளைக்குக் குறைச்சுச் சொல்லும். நடுங்குறதை நம்பி நான் மூட்டை மாட்ட மாட்டேன். போய் காதர் பாயைக் கூட்டியாரும்.”

காதர் பாய் தராசு ரிப்பேர்க்காரர். பெட்டியைத் திறக்கவில்லை. ஸ்க்ரூவைத் தொடவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, தராசின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டார்: “என்னம்மா செய்யுது?”

தராசு மண்டிக்கு வந்த இந்த ஐந்து வருடத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. தராசு கொட்டித் தீர்த்துவிட்டது.

“பகல்ல முந்நூறு மூட்டை வருது பாய். அது என் வேலை, அதுல எனக்கு வருத்தம் இல்ல. கடையைப் பூட்டும்போது அண்ணாச்சி, பெருச்சாளி கடிச்சிரும்னு விதை வெங்காய மூட்டையை எடுத்து என் கொக்கியில மாட்டிட்டுப் போறாரு. விடியற வரைக்கும் அதோட தொங்குறேன். ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் லீவு. வண்டி சந்தனம் பூசிக்கிட்டு வெயில்ல படுத்துக் கிடந்துச்சு. அன்னைக்கும் பொரி மூட்டையை எறும்பு ஏறாம இருக்கணும்னு என்மேலதான் மாட்டினாங்க.”

பாய் ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார். “அண்ணாச்சி, ராத்திரி இதுல மூட்டை மாட்டுவீங்களா?”

“ஆமா. ராத்திரி அது சும்மாதானே இருக்கு?”

“எங்க இருந்துச்சு? சும்மா விட்டாத்தானே உள்ள இருக்கிற சுருள் பழையபடி சுருங்கும்? இதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது. இந்த மாலை, மிளகாய், பலகை எல்லாத்தையும் கழட்டுங்க. சனிக்கிழமை காலை வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது.”

“சனிக்கிழமை வரைக்குமா! அரை நாள் வச்சுக்கட்டுமே.”

“சனிக்கிழமை.”

“சரி, ஒரு நாள். பாய், உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

“அண்ணாச்சி, இது வெங்காயம் இல்ல.”

“லீவு எடுக்கட்டும், வேண்டாம்கலை. நடுவுல சின்ன மூட்டை வந்தா மட்டும் ஒரு கை கொடுக்கட்டும். பத்து கிலோ?”

“கூடாது.”

“ஒரு பை? கத்திரிக்காய் வாங்குற பை?”

பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். “பழைய இரும்புக்காரனை நானே வரச் சொல்லிட்டுப் போறேன்.”

“ஏ, நில்லும்வே! கோவத்தைப் பாரு. சரி, சனிக்கிழமை.”

அண்ணாச்சி பதினோரு வருடமாகப் பேசாத பக்கத்து மண்டிக்காரனிடம் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டே தராசு இரவல் கேட்டார். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தான். விதை மூட்டையை அவரே சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பெருச்சாளிக்குப் பயந்து அதைக் கட்டிலில் படுக்க வைத்தார், தான் தரையில் படுத்தார். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் மண்டிக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் தராசிடம் வருவார். “இப்ப தேவலையா?” என்று கேட்டுக்கொண்டே கொக்கியை ஒரு விரலால் இழுத்துப் பார்ப்பார். இரண்டுக்கு இறங்கியிருந்த முள் துள்ளி மூன்றுக்கு ஓடும். “பாத்தியா, இன்னும் சரியாகலை!” என்று பாயைத் திட்டுவார்.

நாலாவது தடவை அவர் வரும்போது தள்ளுவண்டி குறுக்கே நின்றது.

“வழியை விடுலே.”

“சக்கரம் இறுகிப்போச்சு அண்ணாச்சி. அசைய முடியலை.”

“இப்பத்தானே வாசல் வரைக்கும் ஓடினே?”

“அப்பத்தான் இறுகிச்சு.”

நாள்காட்டி சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஆமா, நான் பார்த்தேன்,” என்றது. அண்ணாச்சி இரண்டையும் முறைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வண்டி சாயங்காலம் வரை அங்கிருந்து நகரவில்லை.

சனிக்கிழமை காலை மண்டியைத் திறந்ததும் அண்ணாச்சி அலறினார்.

“பாய்! ஓடி வாரும்! முள்ளு ஆடவே இல்ல. செத்துப்போச்சு!”

பாய் ஓடி வந்து பார்த்தார். முள் சைபரில், நட்டு வைத்த மாதிரி நின்றது.

“சாகலை அண்ணாச்சி, நிம்மதியா இருக்கு. நீங்க பார்த்துப் பழக்கம் இல்ல.”

ஆபீசர் வந்தார். இருபது கிலோ படிக்கல்லை மாட்டினார். முள் இருபதுக்குப் போய் நின்றது. கல்லை எடுத்தார். முள் அலட்டிக்கொள்ளாமல் சைபருக்குத் திரும்பியது. முத்திரையைக் குத்திவிட்டு அவர் அடுத்த மண்டிக்குப் போய்விட்டார்.

ஆள் போனதும் அண்ணாச்சி தராசுக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். கை தானாகக் கொக்கியை நோக்கிப் போனது. பிடித்து இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஏலே, இனிமே லீவு வேணும்னா நேரா என்கிட்டயே கேளு. இந்தத் தங்கப்பழம் காரணமே கேக்க மாட்டான்.”

இரண்டு எட்டு நடந்தார். நின்றார். திரும்பினார்.

“எதுக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிரு.”