துரைக்கு வயிற்றுவலி

நாகூர் ஹமீதாகிய நான் கப்பல் சமையல்காரன். குழம்பு என்று நான் வைக்கும் மீன் ஆணத்தைத் தின்று வயிறு வலிக்காத ஆள் அந்த வெள்ளைக்காரக் கப்பலில் கிடையாது.

காண்டன் துறைமுகத்தில் சீன அதிகாரி, பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியோடு ஏறிவந்து, பெட்டிகளில் ஒளித்திருந்த கள்ள அபினைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வயிற்றுவலி மருந்து!" என்று சாதித்தார் கப்பல் துரை. தேநீரோடு நின்ற என்னிடம், "நீயும் சொல்லுடா, இல்லாவிட்டால் கடலில் தள்ளுவேன்" என்று பல்லைக் கடித்தார்.

எனக்கு நீச்சல் தெரியாது. பெட்டியிலிருந்து பெரிய அபின் உருண்டையாக ஒன்றை எடுத்தேன். "மருந்துதான். நேற்று என் ஆணத்தைத் தின்றதிலிருந்து துரை துடிக்கிறார். விழுங்குங்கள், துரை!"

"ஐயோ, செத்துப்போவேன்!" என்று துரை வாயைப் பொத்தினார்.

"சீனர்கள் மட்டும் சாகமாட்டார்களா?" என்று கேட்ட அதிகாரி, பெட்டிகளைப் பறிமுதல் செய்தார். பிறகு, "அந்தத் தைரியசாலி எங்கே?" என்றார்.

நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.