சீமைப்பலாவும் மரியபுஷ்பத்தின் ஆடும்

தாணம்மை தொட்டிக்கு மண் பிசைந்துகொண்டிருந்தாள். கை மண்ணில் இருந்ததே தவிர, கண் எதிரே உட்கார்ந்திருந்த வேலப்பையா மேலேயே இருந்தது.

வேலப்பையா பாதி ஆயுசைக் கப்பலில் கழித்தவர். எந்தத் தீவில் எது விளைகிறது, நம்ம மண்ணில் அது பிழைக்குமா என்று பார்த்துக் கொண்டுவருவதே அவர் வேலை. கடைசியாகக் கொண்டுவந்தது சீமைப்பலா. அதற்கு விதை கிடையாது, வேரில் முளைக்கிற கன்றுதான். கப்பலில் தனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, உதடு வெடித்துப்போய் வந்து இறங்கினார். அவரிடம் செடி வேலை படிக்க வந்த தாணம்மைதான் அவற்றைத் தேற்றி எடுத்தாள்.

வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். எல்லோரும் கும்பிட்டு வாங்கினார்கள். வாங்கினதோடு சரி, ஒருத்தரும் தண்ணீர் ஊற்றவில்லை. பெரிய வீட்டுக்காரர் மட்டும் மரியாதையாக முற்றத்தில் வைத்துக் காயவிட்டார்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று.

"இதுவும் போச்சுன்னா மறுபடி கப்பல் ஏற உங்க உடம்பு தாங்காது. நம்ம தோட்டத்துலயே நட்டிருவோம் ஐயா."

"இங்க நின்னா அது நான் கொண்டுவந்த மரம். ஊரு மரமா ஆகாது."

"அப்ப யாருக்குத்தான் குடுக்கப் போறீங்க?"

அவர் பதில் சொல்லுமுன் மரியபுஷ்பம் வந்து நின்றாள். கடற்கரைத் தெருவில் ஆடு வளர்க்கிறவள்.

"ஐயா, நீங்க தந்த கன்னை எனக்க ஆடு தின்னுட்டுது."

"வெட்கமில்லாம வந்து சொல்லுதா பாரு," என்றாள் தாணம்மை.

"நான் வெட்கப்பட்டா அது பட்டினியால்லா கெடக்கும்? எந்தக் குழை தழையைப் போட்டாலும் மோந்துட்டு மூஞ்சியைத் திருப்புற சனியன், இதை மட்டும் வேரோட இழுத்துத் தின்னுட்டுது. இன்னொண்ணு தாங்க ஐயா. பெருசாக்கிட்டா தெனமும் குழை ஒடிச்சுப் போடலாம்."

"ஏட்டி, அது பழத்துக்கு உள்ள மரம். ஆட்டுக்கு இல்ல."

"பழத்தை நான் எங்க கண்டேன்? ஆடு தின்னதைக் கண்டேன்."

வேலப்பையா எழுந்துபோய், கடைசிக் கன்றைத் தொட்டியோடு தூக்கி அவள் கையில் கொடுத்தார். அவள் இடுப்பில் பிள்ளையை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தாணம்மை பிசைந்த மண்ணைத் தொட்டியில் அறைந்தாள்.

"நாக்கு வறண்டு கெடந்து கொண்டுவந்தீங்களே. அவளுக்க ஆட்டுக்கா? எத்தனை நல்ல வீடு இருக்கு இந்த ஊர்ல?"

"நல்ல வீடுதான். கும்பிட்டுத்தான் வாங்குனாங்க."

"பின்ன?"

"இன்னொண்ணு கேட்டு வந்தவ இவ ஒருத்திதான்."

"அதுக்காக, தின்ன ஆட்டுக்கே மறுபடியும்..."

"எக்கா," வாசலிலிருந்து மரியபுஷ்பம் கூப்பிட்டாள். "இதை வெயில்ல வைக்கவா, நிழல்ல வைக்கவா? ஒருநடை வந்து காட்டிட்டுப் போயேன்."

"முதல்ல நிழல்தான்டீ, வேர் பிடிச்ச பெறகு..." என்று கைமண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்த தாணம்மை, ஐயாவிடம் மிச்சச் சண்டையை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று அவள் பின்னாலேயே படியிறங்கினாள்.