கசக்கும் பருப்பு

"தொட்டுக் கொடுங்கம்மா, போதும்" என்றார் பொன்னுரங்கம்.

அவர் நீட்டிய கிண்ணத்தில் வெளுத்த பொடி இருந்தது.

"என்னது?"

"மருந்து."

ஆசிரமத்தை நடத்தும் அம்மாவைவிடப் பொன்னுரங்கம் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பது வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். கழுத்தில் கட்டி தெரிந்த நாளிலிருந்து சால்வையைக் கழற்றுவதே இல்லை.

"வெந்நீர் அடுப்புக்கு வர்ற பீச் பழக் கொட்டையெல்லாம் இப்போ உடைஞ்சே வருது" என்றாள் அம்மா. "நம்ம எலிக்கு இவ்வளவு பல்லான்னு பார்த்தேன்."

அவர் சிரிக்கவில்லை.

"உள்ளே இருக்கிற பருப்பும்மா. இடிச்சுப் பொடி பண்ணினேன். சந்தையில ஒருத்தர் சொன்னார். தினம் ஒரு கரண்டி தின்னா கட்டி கரைஞ்சிடுமாம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சதையை எடுத்துப் பார்க்கணும்னார்."

"எப்போ?"

"போன மாசம்."

அம்மா பொடியை முகர்ந்து பார்த்தாள். "கசக்குமே."

"மருந்துன்னா கசக்கத்தானே செய்யும்?"

"விஷமும் கசக்கும்."



நேற்று அவர் அரைக் கரண்டி தின்றிருந்தார். தலை சுற்றியது. மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதைச் சொன்னால் அம்மா தொட மாட்டாள். அம்மா தொடாமல் தின்றதால்தான் அப்படி ஆனது என்று ராத்திரி முழுக்கத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரி, உட்காருங்க."

அம்மா பொடியில் பாதியை அவருடைய வலது உள்ளங்கையில் கொட்டினாள். மீதியைத் தன் கையில் கொட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"இங்கே எதுவும் முதல்ல என் வாய்க்குப் போய்த்தானே மத்தவங்களுக்கு? புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதானே மிரட்டிச் சொல்வீங்க."

"அது சோத்துக்கு. இது மருந்தும்மா."

"போற வழி ஒண்ணுதானே?"

அம்மா கையை உயர்த்தினாள். பழக்கத்தில் அவர் கையும் உயர்ந்தது.

பொடி அவள் உதட்டைத் தொடப்போனது.

"வேண்டாம்!"

இடது கையால் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். கிண்ணம் உருண்டது.

"விடுங்க."

"மாட்டேன்."

"வலிக்குது."

"வலிக்கட்டும். நேத்து அரைக் கரண்டிதான் தின்னேன், செத்தேன்னே நினைச்சேன். நீங்க தின்னக் கூடாதும்மா."

"நல்ல பிடி" என்றாள் அம்மா.

பிறகு கண்ணால் அவருடைய வலது கையைக் காட்டினாள். அது பொடியோடு அவர் வாயருகே அப்படியே நின்றிருந்தது.

"அதை யாரு பிடிக்கிறது?"