இன்னும் இரண்டு கிலோ

"வந்தவன் மொதல்ல ஒக்காரணும். ஒக்காந்தாத்தான்..."

அப்பா அடிக்கடி சொல்வது. அதற்கு மேல் பூவராகனுக்கு நினைவில்லை.

"ஒக்காந்தாத்தான்?" என்று கேட்டார் சாமி.

"மறந்துபோச்சு சாமி."

"சரி, ஒக்காரு."

பூவராகன் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தால் உடம்பு கொஞ்சம் கூடுதலாக எரிக்கும் என்று எங்கோ படித்திருந்தான்.

சாமி குளத்தின் கடைசிப் படியில், தண்ணீருக்குள் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். வயிறு மடியில் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் அவருக்குத் தொந்திச் சாமி என்று பேர். அந்தப் பேருக்கு அவரே திரும்பிப் பார்ப்பார்.

"என்ன கேக்க வந்த?"

"எப்போ நிறுத்தறதுன்னு தெரியல சாமி."

"எதை?"

"இளைக்கிறதை."

சாமி அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"நல்ல ஆளாப் பாத்துத்தான் கேக்குற" என்றார்.

*

பூவராகன் இந்தக் குளத்துக்கு வந்ததே இளைப்பதற்காகத்தான்.

பாதி ஆயுள் ஆஸ்திரேலியாவில் போயிருந்தது. அப்பா போய்விட்டார் என்று தகவல் வந்து, டிக்கெட் கிடைத்து, விமானம் மாறி, ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்த ஈரம்கூட இல்லை.

அவன் திரும்பிப் போகவில்லை.

அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். இப்போது அக்கா செங்கமலம் நடத்தினாள். அவள் அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை அரைக்கைச் சட்டை. கல்லாவில் உட்காரும்போது போடுவது.

பூவராகன் போட்டுப் பார்த்தான். ஒரு கை போனது. இன்னொரு கை போகவில்லை.

"ஏண்டா வராகா, ஆஸ்திரேலியாவுல இருந்த ஆட்டையெல்லாம் நீதான் தின்னியா?" என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"வா, சாப்பிடு."

"இந்தச் சட்டை பத்துற அன்னிக்குச் சாப்பிடுறேன்க்கா. இதைப் போட்டுக்கிட்டு வந்து நம்ம கடையில ஒக்காந்து சாப்பிடுறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வர மாட்டேன்."

அக்கா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அப்பா புள்ளடா நீ" என்றாள்.

*

கடையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இந்தக் குளம். கரையில் ஒரு பழைய மடம். மடத்தில் சாமி மட்டும்தான். பூவராகன் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தான். தினமும் காலையில் வடகரைக்கும் தென்கரைக்கும் நீந்தினான்.

முதல் நாளே சாமி மேல் மோதினான்.

அவர் குளத்தின் நடுவில் மல்லாந்து கிடந்தார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. தூங்குவதுபோல் இருந்தது.

"பாத்து வாப்பா" என்றார், கண்ணைத் திறக்காமல். "வண்டி நிக்குதுல்ல."

முன்பு லாரி ஓட்டியவர் என்று பிறகுதான் தெரிந்தது.

"பேரு?"

"பூவராகன்."

"பூமியையே தூக்கிட்டு வந்தவரு பேரு. நீ எதைத் தூக்கிட்டு வந்திருக்க?"

பூவராகன் தண்ணீருக்குள் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

"இதைத்தான் எறக்கி வைக்கணும் சாமி."

"எறக்கி வச்சுட்டு?"

பூவராகன் தென்கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கினான்.

*

இறங்கியது.

முதலில் முகத்தில். பிறகு வயிற்றில். பேண்ட் எல்லாம் நழுவின. டீக்கடையில் நின்றால் தெரியாதவர்கள்கூட வந்து கேட்டார்கள்.

"என்ன சார், சுகரா?"

அவனுக்கு அது பிடித்திருந்தது.

காலையில் எழுந்ததும் எடை மெஷின் மேல் ஏறுவான். முள் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்த நாள் நல்ல நாள். நகராவிட்டால் தென்கரைக்குக் கூடுதலாக ஒரு தடவை போய்வருவான். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினான். பிறகு காலைச் சாப்பாட்டையும்.

ஆனி மாதம் டாக்டரிடம் போனான்.

"போதும் சார்" என்றார் டாக்டர். "இனிமே இதை அப்படியே வச்சுக்குங்க."

"எப்படி வச்சுக்கிறது?"

"இப்போ சாப்பிடுறதைவிடக் கொஞ்சம் கூடச் சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

இளைப்பதற்காக எதையும் செய்தவன், இதைக் கேட்டுப் பயந்துபோனான்.

*

"எங்க போய்ச் சேரணும் உனக்கு?" என்றார் சாமி.

"இன்னும் ரெண்டு கிலோ."

"போன மாசம்?"

"அப்பவும் ரெண்டு கிலோதான் சாமி."

சாமி தண்ணீருக்குள் கால் விரல்களை அசைத்தார். சின்ன மீன்கள் வந்து மொய்த்தன.

"நான் லாரி ஓட்டுறப்ப, எங்க நிறுத்தறதுன்னு யாரையும் கேட்டதில்ல. சரக்கு எறக்குற எடம் வந்தா நிறுத்திடுவேன்."

"அந்த எடம் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அங்க யாராவது காத்துக்கிட்டு நிப்பாங்க."

*

அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"வராகா, கடையை மூடப்போறேன்டா."

"ஏன்க்கா?"

"முட்டி ரெண்டும் போச்சு. நிக்க முடியல. ஆடி கடைசி ஞாயித்துக்கிழமையோட சரி."

அவன் போனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"ஞாயித்துக்கிழமையானா உனக்குன்னு ஒரு இலையை நறுக்கி வைக்கிறேன். சாயங்காலம் மாட்டுக்குப் போடுறேன். அந்த மாடு உன்னைவிட நல்லா இருக்கு." சற்று நின்றாள். "சட்டை இன்னும் பத்தலையாடா?"

"இன்னும் ரெண்டு கிலோதான்க்கா."

*

மறுநாள் கடையையும் சட்டையையும் பற்றிச் சாமியிடம் சொன்னான்.

"அந்தச் சட்டையைக் கொண்டா, பாப்போம்."

கொண்டுவந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

சாமி அதை வாங்கி விரித்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு கையை நுழைத்தார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அப்படியே நின்றுகொண்டு, ஒற்றைக் கையில் தொங்கும் சட்டையுடன் வயிறு குலுங்கச் சிரித்தார். பூவராகனுக்கும் சிரிப்பு வந்தது.

"எனக்குப் பத்தல" என்றார் சாமி. "உனக்கு?"

பூவராகன் சட்டையை வாங்கி மடித்தான். முதலில் கைகளை, பிறகு உடலை, பிறகு காலரை. மடித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

சாமி மறுபடி கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கினார்.

"வா."

*

குளத்தின் நடுவில் சாமி மல்லாந்தார்.

"எம் பக்கத்துல கிட."

பூவராகன் மல்லாந்தான். கால் அடித்தான்.

"கால் அடிக்காத."

"அடிக்கலைன்னா முங்கிடுவேன் சாமி."

"வந்த புதுசுல முங்கலையே. பூசணிக்கா மாதிரி கெடந்த. நான்கூட உன்னப் பாத்து, நமக்குத் தொணைக்கு ஒரு ஆள் வந்துட்டான்னு நெனச்சேன்."

பூவராகன் கால் அடிப்பதை நிறுத்தினான்.

முதலில் பாதம் இறங்கியது. பிறகு முழங்கால். இடுப்பு. தண்ணீர் அவன் வாய்க்குள் புகுந்தது. இருமிக்கொண்டு எழுந்தான்.

"கரைக்குப் போயிடுறேன் சாமி. நீந்தச் சொல்லுங்க, நாள் முழுக்க நீந்துறேன்."

"நீந்துறதைத்தான் பாக்குறேனே தெனமும்."

"வேற என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம கொஞ்ச நேரம் கிட."

மறுபடி மல்லாந்தான். மறுபடி கால் இறங்கியது. இந்தத் தடவை முதுகுக்குக் கீழே ஒரு கை வந்தது. பெரிய, மெத்தென்ற கை. அவன் உடம்பு மேலே வந்து நின்றது.

வானம் வெள்ளையாக இருந்தது. காதுக்குள் தண்ணீர். சாமியின் குரல் தூரத்தில் கேட்டது.

"சட்டை எப்போ பத்துச்சு?"

ஒரு மீன்கொத்தி குளத்தைக் கடந்து போனது.

"வைகாசியில."

"போட்டுப் பாத்தியா?"

"பட்டனெல்லாம் போட்டுப் பாத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னேன். அவரேதான் சாமி. தோள்கூட அதே மாதிரி."

"அப்புறம்?"

"கழட்டி மடிச்சு வச்சுட்டேன்."

"ஏன்?"

பூவராகன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணோரத்தில் வழிந்தது குளத்தில் கலந்தது.

"தெனமும் காலையில மெஷின்ல ஏறும்போது, இன்னும் கொஞ்சந்தான், அப்புறம் கடைக்குப் போயிடலாம்னு நெனப்பேன். போனா அவர் கல்லாவுல இருப்பார். நிமிந்து பாப்பார். அப்படித்தான் தோணும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா தெனமும் தோணும்."

கை அசையாமல் இருந்தது.

"போயிட்டா, கல்லா காலியா இருக்கும் சாமி."



சாமி கையை எடுத்தார்.

பூவராகன் தண்ணீருக்குள் போனான். எழுந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது சாமி படியேறிக்கொண்டிருந்தார்.

"சாமி!"

"பசிக்குது" என்றார் அவர், திரும்பாமல்.

*

ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறு. பஸ்ஸில் இடம் இருந்தது. பூவராகன் நின்றுகொண்டே போனான். ஜன்னல் காற்றில் அப்பாவின் சட்டை உப்பி உப்பி அடங்கியது.

"ஏன் சார், ஒக்காருங்க. காசு ஒண்ணுதான்" என்றார் கண்டக்டர்.

"பரவால்ல."

போய்ச் சேர்ந்தபோது மதியக் கூட்டம் கலைந்திருந்தது. மேசைகளைத் துடைத்து நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நாற்காலி மட்டும் கவிழ்க்காமல் இருந்தது. அதன் முன்னால் மேசைமேல் ஒரு சுருட்டிய இலை.

கல்லா காலியாக இருந்தது.

பூவராகன் வாசற்படியில் நின்றான். கல்லாவுக்குப் பின்னாலிருந்த சுவரில், அப்பா தலை சாய்க்கும் இடத்தில், எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

உள்ளேயிருந்து அக்கா கரண்டியும் கையுமாக வந்தாள். அவனைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள்.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்க்கா."

அவன் அங்கேயே நின்றான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதட்டினாள்.

"என்னடா தூண் மாதிரி நிக்கிற? ஒக்காந்தாத்தானே இலை போட முடியும்?"

பூவராகன் நிமிர்ந்தான்.

"என்ன சொன்ன?"

"என்னத்தச் சொன்னேன்? ஒக்காருன்னேன்."

"இல்லக்கா. இலைன்னு..."

"ஆமாடா, இலை. இலை போடாம கையிலயா சோறு போடுவாங்க? வெளிநாட்டுல எப்படியோ, எங்களுக்குத் தெரியாது."

பூவராகன் உட்கார்ந்தான்.

அக்கா சுருளைப் பிரித்து இலையை விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். கத்தரிக்காய் கொத்சு வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் பிசைந்து சாப்பிட்டான். அவசரப்படவில்லை.

இரண்டாவது தடவை சோறு வந்தபோது அவன் கை தானாக உயர்ந்தது, போதும் என்பதுபோல். பாதியில் நின்றது. கீழே இறங்கியது.

அக்கா போட்டாள்.

ரசம் வந்தது. மோர் வந்தது. அக்கா எதிர் நாற்காலியை நிமிர்த்தி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள்.

மூன்றாவது தடவை பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"போதும்க்கா" என்றான். "வயிறு நெறைஞ்சிருச்சு."

கை கழுவிவிட்டு வந்தான். அக்கா எழுந்து அவன் சட்டையைத் தோளில் பிடித்துப் பார்த்தாள். தையல் கைப்பக்கம் இறங்கிக் கிடந்தது. இடுப்பில் ஒரு பிடி துணி கையோடு வந்தது.

"என்னடா இது, தொளதொளன்னு இருக்கு. அப்பாவுக்குக் கச்சிதமா இருக்கும். எதுத்தாப்புல டெய்லர் இருக்காரு, குடு. ரெண்டு பக்கமும் புடிச்சுத் தைக்கச் சொல்றேன்."

"வேணாம்க்கா" என்றான் பூவராகன். "இந்த அளவே இருக்கட்டும்."