அண்ணாச்சி கண்ட கனவு

திருநெல்வேலி நகைக்கடை ஒன்றில் டிசைன் வரையும் முப்பிடாதிக்கு நடந்தது பச்சை அநியாயம். பலாப்பழத் தோலைப் பார்த்து அவள் வரைந்த அட்டிகை, சேவல் கொண்டையைப் பார்த்து வரைந்த வளையல், எல்லாமே முதலாளி குமரேச அண்ணாச்சியின் கனவில் அம்மன் வந்து காட்டியவை என்று விளம்பரம். அடியில் தன் பேரையும் போடச் சொல்லிக் கேட்டதற்கு, "சம்பளம் தாரேம்லா, பேரு வேற எதுக்குட்டி?" என்றார். அடுத்தவள் வரைந்ததைத் தன் கனவென்று எடுத்துக்கொண்டவர் பேசுகிற பேச்சா இது?

புது நகைகளின் அறிமுக விழா. மகள் கல்யாணத்துக்கு அட்டிகையைத் தேர்ந்தெடுத்த ரோஸ்லின் டாக்டரம்மா, "இதுக்கு ஜோடியா தோடு வேணும் அண்ணாச்சி. அம்மன் காட்டுனதை இப்பவே வரைஞ்சு காட்டுங்க. பிடிச்சா முழு செட்டும் இங்கேதான்" என்றார்.

கூட்டமே பார்க்க, அண்ணாச்சி பென்சிலைப் பிடித்தார். வந்தது முறுக்கு. அதுவும் உடைந்த முறுக்கு.

"அம்மன் தூக்கத்துலதான் காட்டுவா டாக்டரம்மா, முழிச்சிருந்தா வராது" என்று சமாளித்தவர், முப்பிடாதி பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார். "ஏட்டி, உள்ள போய் சட்டுன்னு வரைஞ்சு கொண்டா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

முப்பிடாதி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் வாட்ச்மேனின் பாயும் தலையணையும் இருந்தன. கூட்டத்துக்கு நடுவே விரித்துப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"படுங்க அண்ணாச்சி, டாக்டரம்மா காத்திருப்பாங்க. கனவு வரலேன்னா சொல்லுங்க, என் பேரைப் போட்டு நானே வரைஞ்சு தாரேன்."