பூரணியின் தும்மலுக்குச் சாட்சி

பிசகுப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். சொல்கிறவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று யோசிக்கிற கெட்ட வழக்கமும் அவர்களுக்கு இல்லை. அந்த ஊரில்தான் பூரணி வாக்கப்பட்டிருந்தாள். மடியில் ஏழு மாதப் பெண் குழந்தை.

பூரணிக்கு ஒரு சங்கடம் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், சிரித்தால் நாலு சொட்டு ஒண்ணுக்கு அவள் அனுமதி கேட்காமலே வந்துவிடும். இருமலையும் தும்மலையும் எப்படியோ சமாளித்தாள். பிசகுப்பட்டியில் இருந்துகொண்டு சிரிக்காமல் இருப்பதுதான் முடியாத காரியம்.

அதற்குள் அவள் தம்பி கதிருக்குக் கல்யாணம் முடிவாயிற்று. சரியாக மூன்று மாதம் இருந்தது. தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போடவேண்டும். சந்தன நிறப் பட்டுச் சேலை, முன்னால் முந்நூறு பேர், எதிரே ஹோமப் புகை. ஒரு தும்மல் போதும்.

ஆடு காணாமல் போனால் மைக் கட்டிச் சொல்கிற ஊரில், இதை மட்டும் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் பூரணி நர்ஸ் காதில் போட்டாள். நர்ஸ் அடுத்த வாரமே ஒரு பிசியோதெரபி மேடத்தை அழைத்துவந்து மகளிர் குழுவைக் கூட்டினார்.

"இடுப்புக்கு அடியில தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்கு," என்றார் மேடம். "கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. பிரசவத்துல தளரும், மாதவிலக்கு நின்னாலும் தளரும். வயசுப் பிள்ளைங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் எல்லா வயசுலயும் இந்தப் பயிற்சி வேணும். ஒண்ணுக்கை அடக்குற மாதிரி உள்ளே சுருக்கி, மூச்சை விட்டுக்கிட்டே பத்து எண்ணணும். அப்புறம் முழுசாத் தளர்த்தணும். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. தும்மல் வந்தா முதல்ல சுருக்கிட்டு அப்புறம் தும்முங்க. பஸ்ஸுக்கு நிக்கும்போதுகூடச் செய்யலாம், வெளியே யாருக்கும் தெரியாது."

தெளிவாகத்தான் சொன்னார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மறுநாளே குழுச் செயலாளர் தனபாக்கியம் தீர்மான நோட்டோடு உட்கார்ந்தாள். நோட்டில் ஏறாத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்பது அவள் கட்சி.

"சுருக்குனவங்க எல்லாம் கையத் தூக்குங்க."

"கையத் தூக்குனா தெரிஞ்சுபோகுமே," என்றாள் இருளாயி. குழுவிலேயே மூத்தவள், வயது அறுபத்தைந்து. "வெளியே தெரியாதுன்னுல்ல மேடம் சொன்னாங்க."

எல்லோரும் இதை யோசித்தார்கள். கடைசியில், சுருக்காதவர்கள் கை தூக்குவது என்று முடிவாயிற்று. ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் செய்தார்கள் என்று தனபாக்கியம் எழுதினாள். கர்ப்பிணி ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், அவளும் கணக்கில் சேர்ந்தாள்.

பயிற்சி பஸ் ஸ்டாப்பில் நடந்தது. மூன்று வேளையும் முப்பது பெண்கள் சாலையோரம் வரிசையாக நின்று தூரத்தை வெறித்தார்கள். பஸ் வந்து நின்றது.

"ஏறுங்கம்மா," என்றார் கண்டக்டர்.

"பொறுங்க தம்பி, இன்னும் நாலு இருக்கு."

கண்டக்டர் பொறுத்தார். நாலும் முடிந்தது. பெண்கள் திரும்பி வீட்டுக்கு நடந்தார்கள்.

"எங்கதான் போகணும் உங்களுக்கு?"

"எங்கயும் போகல. பஸ்ஸுக்கு நிக்கத்தான் சொன்னாங்க," என்றாள் தனபாக்கியம். நாலாம் நாளிலிருந்து பஸ் அந்த ஸ்டாப்பைக் கண்டதும் வேகம் எடுத்தது.

இருளாயி மட்டும் நாள் முழுக்க நின்றாள்.

"ஏன் பெரியம்மா, மூணு வேளை போதாதா?" என்று பூரணி கேட்டாள்.

"உனக்குப் போதும்டி. எல்லா வயசுலயும் செய்யணும்னுல்ல சொன்னாங்க? இத்தனை வருசம் விட்டுட்டேனே. பத்து வயசுல இருந்து ஆரம்பிச்சு, நாளைக்கு ஒரு வயசா முடிச்சுட்டு வாரேன். நேத்துப் பதினொண்ணு முடிஞ்சுது. நாளைக்கு வயசுக்கு வந்துருவேன்."

சொன்னபடி மறுநாள் வந்துவிட்டாள். குழு புட்டு அவித்து, ஓலை கட்டி, சடங்கு சுற்றியது. அவள் மகன் தாய்மாமன் சீரைத் தேடி டவுனுக்கு ஓடினான். பூரணி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். அப்படியும் நாலு சொட்டு.

ஆனால் பூரணி வீட்டிலும் விடவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, சுருக்கினாள், எண்ணினாள், தளர்த்தினாள். ஆறாவது வாரம் மிளகாய் வறுத்தபோது வந்த தும்மலில் இரண்டே சொட்டு. பத்தாவது வாரம் அதுவும் இல்லை. சிரிப்பை மட்டும் இன்னும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை.

கல்யாண நாள் வந்தது. மேளம் கொட்ட, கதிர் தாலியைக் கட்டினான். பூரணி மணப்பெண்ணுக்குப் பின்னால் குனிந்து மூன்றாவது முடிச்சைப் போட்டு இறுக்கினாள். அந்த நேரம் பார்த்துப் புகை அவள் மூக்குக்குள் புகுந்தது.

முதலில் சுருக்கினாள். அப்புறம் தும்மினாள். மண்டபமே திரும்பிப் பார்க்கிற தும்மல்.

ஒரு சொட்டு இல்லை.

முன்வரிசையிலிருந்து தனபாக்கியம் எழுந்தாள். "பூரணி, என்னாச்சு?"

"ஒண்ணுமே ஆகலக்கா," என்றாள் பூரணி.

தனபாக்கியம் நோட்டோடு மேடையேறினாள். "ஒண்ணும் ஆகலைங்கிறதுக்குச் சாட்சி? வீடியோத் தம்பி, தும்மலைப் பிடிச்சீங்களா?"

"இல்லக்கா, நான் மாப்பிள்ளை முகத்துல இருந்தேன்," என்றார் வீடியோக்காரர். "இன்னொரு தடவை தும்மச் சொல்லுங்க, கிட்டத்துல எடுக்கிறேன்."

தவில்காரர் இடுப்பிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்தார். அவள் ஒருத்தியை மட்டும் பொடி போடச் சொன்னால் கூச்சப்படுவாள் என்று மேடையில் எல்லோரும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டார்கள். தவில்காரரும் புரோகிதரும் தும்மினார்கள். மாப்பிள்ளை தும்மினார். மணப்பெண் மாலை அறுந்து விழத் தும்மினாள். பூரணிக்கு மட்டும் தும்மல் வரவில்லை.

தனபாக்கியம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினாள்: "மாப்பிள்ளை, மணப்பெண், புரோகிதர், தவில் ஆகியோர் பூரண குணம். பூரணி தும்மாததால் மேலும் மூன்று மாதம் தொடரவும்."

அதைக் கேட்டதும் பூரணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பத்து மாதமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு. சுருக்கினாள், சிரித்தாள். பட்டுச் சேலை பட்டுச் சேலையாகவே இருந்தது. அது தெரிந்ததும் இன்னும் சிரித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

இருளாயி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"தனபாக்கியம், இங்க வா. கசிவு மேல ஏறிருச்சு."

"அப்ப எங்க சுருக்கணும்?"

"கசியிற இடத்துலதான்."

இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தனபாக்கியம் மைக்கை வாங்கிச் சொல்ல, மண்டபம் முழுக்கக் கண்களை இறுக்க மூடிக்கொண்டது. வீடியோக்காரரும் மூடிக்கொண்டார், கேமரா மேலே சாய்ந்தது.

அதனால் கதிர் கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் சுற்றுகிற மின்விசிறி மட்டும்தான் தெரியும். முந்நூறு பேர் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவது கேட்கும். நடுவில் ஒரு பெண் விடாமல் சிரிப்பதும் கேட்கும்.